சந்தோஷப்படக் கூடாத பரீட்சை

என் அண்ணன் நப்தாலிக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிலடெல்பியா துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போடுவதற்கு முன்பே, அதில் என்ன சரக்கு வந்திருக்கிறது, எந்தப் பெட்டிகள் நனைந்திருக்கும் என்று கரையில் நின்றபடி சொல்லிவிடுவான். ஆனால் மாலையில் வீட்டுப் படியேறும்போது அந்த மூளையைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறான். என் கணவர் போன பிறகு இத்தனை வருடமாக அவன் வீட்டில்தான் இருக்கிறேன், ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவன் என்பதால் அவனிடம் எனக்குப் பயமும் கிடையாது.

அவனுக்கு ஒரே மகள், ரெய்னா. வயது பதினாறு. மார்க்கெட் தெருவில் அவனோடு வியாபாரம் செய்கிற கிறிஸ்தவர்கள் எல்லாம் தங்கள் பெண்களைத் திருமதி விட்லாக்கின் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பதற்காக இவனும் அனுப்பினான். கொஞ்சம் பிரெஞ்சு, அழகான கையெழுத்து, விருந்தாளி வந்தால் பேச நாலு விஷயம், இவ்வளவுதான் அவன் வாங்க நினைத்த சரக்கு. பெண்ணுக்குப் பிடித்துப்போனதோ வானம். சூரியன் எங்கே, சந்திரன் எங்கே, கிரகணம் ஏன் வருகிறது என்று பள்ளியிலிருந்து வந்ததும் ஆரம்பிப்பாள். சாப்பாட்டு மேஜையில் மெழுகுவத்தியைச் சூரியன் என்பாள், ரொட்டியைப் பூமி என்பாள், உப்புக் கிண்ணத்தைச் சந்திரன் என்று கையில் தூக்கிக்கொண்டு ரொட்டியைச் சுற்றி வருவாள். முகம் அப்படியே மலர்ந்திருக்கும்.

"அந்த உப்பை இங்க தள்ளு," என்பான் அண்ணன். சந்திரன் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஒரு நாளாவது அவளை முழுதாகச் சொல்லவிட்டதில்லை.

அந்த வசந்த காலத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. அண்ணி புளூமாவின் சொந்தத்தில், உள்நாட்டில் லங்காஸ்டர் ஊரிலிருந்து, தோல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பையன் பெண் பார்க்க வந்தான். பையன் கெட்டவனில்லை. நரித்தோலுக்கும் நீர்நாய்த் தோலுக்கும் உள்ள வித்தியாசத்தை விருந்து முழுவதும் சொன்னான், மறுநாள் காலையும் சொன்னான். அதே வாரத்தில் திருமதி விட்லாக், ஆகஸ்ட்டில் நடக்கிற பொதுப் பரீட்சையில் முதலாவதாக வருகிற பெண்ணை உதவி ஆசிரியையாக வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் தானே மேல்படிப்பு சொல்லித்தருவதாக அறிவித்தாள்.

அண்ணி அழுதாள். எங்கள் ஜனத்தில் மாப்பிள்ளை கிடைப்பதே கஷ்டம் என்று அவள் அழுததில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த ஊரில் எத்தனை யூத வீடு இருக்கிறது, அதில் எத்தனை வீட்டில் வயதுக்கு வந்த பையன் இருக்கிறான்? கடைசியில் அண்ணன் மேஜையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னான்.

"முதல் பரிசு வாங்கினா இன்னொரு வருஷம் படிக்கட்டும். வாங்கலேன்னா, அக்டோபர்ல கூடாரப் பண்டிகை முடிஞ்ச கையோட லங்காஸ்டர். வார்த்தைன்னா வார்த்தைதான்."

ரெய்னா அன்றிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து படிக்க ஆரம்பித்தாள்.

இங்கேதான் முதல் தலைவலி. பொதுப் பரீட்சை என்றால் ஊரே வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. அதைத் திருமதி விட்லாக் வருடாவருடம் சனிக்கிழமையில்தான் நடத்துவாள். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள். பேனாவைத் தொட முடியாது, பலகையில் கணக்குப் போட முடியாது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஒரு தடவை இல்லை, பல தடவை போனான். ஒரு தடவை நல்ல சீனத் தேயிலை கொண்டுபோனான், இன்னொரு தடவை இந்த நாட்டில் எல்லா மதமும் சமம் என்று ஒரு சொற்பொழிவே செய்தான். அந்த அம்மாளும் பாவம், கடைசியில் இறங்கி வந்தாள். மண்டபம் ஆகஸ்ட்டில் மூன்று நாள் காலியாக இருக்கிறது, எது வேண்டுமோ நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"செவ்வாய்க்கிழமை!" என்றான். "ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. புதன் இருந்துச்சு, வியாழன் இருந்துச்சு. நான் பளிச்சுனு செவ்வாய்னுட்டேன். ஏன் சொல்லு?"

"தெரியும், சொல்ல வேண்டாம்," என்றேன்.

"கடவுள் உலகத்தைப் படைச்சப்போ மத்த நாள்ல 'நல்லா இருக்கு'ன்னு ஒரு தடவைதான் சொன்னாரு. செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு தடவை! என் கல்யாணம் செவ்வாய், கடை திறந்தது செவ்வாய்."

அவன் சொன்னது சரிதான். எங்களுக்கு அதைவிட ராசியான நாள் கிடையாது. நானும் சந்தோஷப்பட்டேன். வேறு யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஜூலை பாதியில் ஒரு சனிக்கிழமை. ஜெபக்கூடத்தில் பெண்கள் உட்காருவது மாடியில், ஆண்கள் கீழே. தொழுகையை நடத்துகிற ஹஸான் லிண்டோ, அந்த வாரம் வருகிற நோன்பை வழக்கம்போல அறிவித்தார். எங்கள் பஞ்சாங்கத்தில் தம்மூஸ் மாத நோன்பு, செவ்வாய்க்கிழமை.

நான் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டேன். தம்மூஸ் நோன்பு என்ன கிழமையோ, மூன்று வாரம் கழித்து வருகிற ஆவ் மாதம் ஒன்பதாம் நாளும் அதே கிழமைதான். இதற்குப் பஞ்சாங்கம்கூட வேண்டாம், எங்கள் ஜனத்தில் பல் முளைத்த பிள்ளைக்கும் தெரியும். ஆவ் ஒன்பது என்றால் எருசலேம் ஆலயம் இரண்டு தடவையும் இடிந்த நாள். வருடத்திலேயே துக்கமான நாள். முந்தின நாள் சூரியன் மறைவதிலிருந்து பச்சைத் தண்ணீர் கிடையாது. தோல் செருப்புக் கிடையாது, குளியல் கிடையாது, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வது கிடையாது. மதியம் வரை நாற்காலியில் உட்காரக்கூடக் கூடாது, தரைதான். சனிக்கிழமை கூடாதென்று மூன்று மாதம் சண்டை போட்டவன், இருந்த மூன்று நாளில் இந்த நாளைப் பொறுக்கி எடுத்திருக்கிறான்! ஒன்பதாம் தேதி என்று வாயால் சொன்னபோதாவது உறைத்திருக்க வேண்டாமா?

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே அவன் பக்கத்து இருக்கைக்காரரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். தொழுகை நடக்கும்போது கத்தவும் முடியாது, எதையும் தூக்கி எறியவும் முடியாது. அவன் வழுக்கைத் தலையை முறைத்துக்கொண்டே கடைசி ஆமென் வரை உட்கார்ந்திருந்தேன். அந்தத் தொழுகையில் என் பிரார்த்தனை எதுவும் மேலே போயிருக்காது.

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனேன்.

"அண்ணே, பரீட்சை என்னிக்கு?"

"செவ்வாய். ஏன்?"

"நோன்பு என்னிக்கு?"

"வர்ற செவ்வாய்."

"அதுக்கப்புறம் மூணு வாரம் கழிச்சு வர்ற செவ்வாய்க்கிழமை என்ன நாளு?"

விரலை மடக்கி எண்ணினான். முகத்தில் இருந்த ரத்தம் அத்தனையும் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஐயோ," என்றான்.

"ஐயோவா? ரெண்டு தடவை நல்லா இருக்குன்னு சொன்னாராமே, ரெண்டு தடவை இடிஞ்சது ஞாபகம் வரலையா உனக்கு?"

"நீயும்தானே கூட இருந்த? நீ சொல்லியிருக்கலாம்ல?"

பாருங்கள். தேதி குறித்தது அவன், தப்பு என்னுடையது.

திங்கட்கிழமை திருமதி விட்லாக்கைப் பார்க்க நானும் கூடப் போனேன். அண்ணனைத் தனியாக அனுப்பினால் கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான் என்று பயம். உயரமான, ஒல்லியான அம்மாள். நாங்கள் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"மிஸ்டர் பின்ட்டோ, சனிக்கிழமை வேண்டாம்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"இருநூறு பேருக்கு அழைப்பு போயாச்சு. நடுவர் டாக்டர் கிம்பர் தன் பிரயாணத்தையே தள்ளி வச்சிருக்கார். உங்க ஒருத்தருக்காக மத்த பெத்தவங்ககிட்ட நான் வாங்கின பேச்சு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை மாத்தச் சொல்லி இந்த வாசப்படி ஏறாதீங்க."

அவள் பேசியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரெய்னா போகலாமா கூடாதா என்று கேட்க ஹஸான் லிண்டோவிடம் போனோம். இந்த நாட்டில் எங்களுக்கு ரபி என்று ஒருவரும் இல்லை, சட்டம் தெரிந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். லிண்டோவுக்கு நல்ல குரல். சந்தேகம் என்று யாராவது வந்தால் மட்டும் அந்தக் குரல் தொண்டைக்குள் போய்விடும்.

"நோன்போட போறது தப்பில்ல. ஆனா அன்னிக்குப் படிப்பு கூடாதே," என்று தாடியைத் தடவினார். "இதை லண்டனுக்கு எழுதித்தான் கேக்கணும்."

"பதில் எப்ப வரும்?"

"காத்து நல்லா அடிச்சா குளிர் ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடும்மா."

"அதுக்குள்ள அவ லங்காஸ்டர்ல தோல் உரிச்சிட்டிருப்பா," என்றேன். "நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு எந்தப் படிப்பு கூடாது? ஏன் கூடாது?"

யோசித்தார். "படிச்சா மனசு சந்தோஷப்படும், அதனால கூடாது. துக்கமானதைப் படிக்கலாம். யோபு, எரேமியா, எருசலேம் இடிஞ்ச கதை. அழிவு எதுவா இருந்தாலும் சரி."

"அப்ப ரோமாபுரி விழுந்தது?"

"பேஷாச் சொல்லலாம். அவங்கதானே நம்ம ஆலயத்தை இடிச்சாங்க. ஆனா," என்று சட்டென்று விரலைத் தூக்கினார், "சொல்றப்ப சந்தோஷப்படக் கூடாது."

"கணக்கு? கிரகணம்? கோளங்கள் சுத்தறது?"

ஹஸான் லேசாகச் சிரித்தார். "அதைப் படிச்சு யாரும்மா சந்தோஷப்படுவாங்க? தாராளமா..."

"எங்க வீட்டுப் பொண்ணு படுவா," என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்படின்னா கூடாது."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. மற்ற பெண்களைப் போல இவளும் வேண்டாவெறுப்பாகப் படித்திருந்தால் தடையே இல்லை. பிடித்துப் படித்தாள், அதனால் தடை. வீட்டுக்கு வந்து ரெய்னாவிடம் சொன்னேன். அவள் ஹஸான் சொன்னது சரிதான் என்றாள்.

"கேட்டா மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டுச் சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே அத்தை. உள்ள சந்தோஷமா இருக்குமே."

"உள்ள இருக்கறதை எந்த ஹஸான் வந்து எட்டிப் பாக்கப்போறாரு?"

"அவர் பாக்க மாட்டார்," என்றாள். அதற்குமேல் அவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை. பிடிவாதம் முழுக்க அப்பன்.

மறுபடி திருமதி விட்லாக்கிடம் நான் மட்டும் போனேன். தேதியை மாற்ற வேண்டாம், பாடத்தை மட்டும் கொஞ்சம் துக்கமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். இப்படி ஒரு கோரிக்கையை உலகத்தில் எந்த ஆசிரியையும் கேட்டிருக்க மாட்டாள். அவள், தலையெழுத்து என்று நினைத்தாளோ என்னவோ, பாடப் புத்தகங்களை மேஜைமேல் அடுக்கினாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அழிவுகளைப் பொறுக்கினோம். கார்த்தேஜ் நகரம் எரிந்தது, ட்ராய் எரிந்தது, லண்டன் எரிந்தது. பூகோளத்துக்கு வெசூவியஸ் எரிமலையும் லிஸ்பன் பூகம்பமும். கணக்குக்கு ஒரு கப்பலை மூழ்கடித்துச் சரக்கு முதலாளிகள் நஷ்டத்தைப் பங்கு போடுவதாக வைத்துக்கொண்டோம்.

"உங்க மருமக வேற எதைக் கேட்டாலும் சொல்லுவா. அதுதான் வயித்தெரிச்சல்," என்றாள் புத்தகங்களை மூடியபடி. அன்றுதான் எனக்கு அந்த அம்மாளைப் பிடித்தது.

ஒன்பதாம் தேதி விடிந்தபோதே வெக்கை. முந்தின மாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. துணிச் செருப்போடு நாலு பேரும் ஆறாம் தெரு மண்டபத்துக்கு நடந்தோம். வாசலில் நின்ற பெரிய மனிதர்கள் காலை வணக்கம் சொன்னார்கள், நாங்கள் பதில் சொல்லவில்லை. எவ்வளவு திமிர் என்று அவர்கள் பார்த்த பார்வை என் முதுகில் இறங்கியது. உள்ளே போனால் பட்டுத் துணி விரித்த நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன, ஊர் முழுக்கத் தெரிந்த வியாபாரி நப்தாலி பின்ட்டோ நேரே போய் மேடைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அண்ணியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாதிப் பேர் பரீட்சையைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் ரெய்னா கார்த்தேஜை எரித்தாள். லிஸ்பனை இடித்தாள். பலகையில் மூழ்கிய கப்பலின் நஷ்டத்தை ஒரு தடவைகூட அழிக்காமல் பங்கு போட்டுக் கொடுத்தாள். உதடு வெடித்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. மற்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அச்சுக்கூடக்காரர் மகள் பேஷன்ஸ் ஹோவெலும் இவளும் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டு பேருக்கும் நடுவர் ஆளுக்கொரு கேள்வி கேட்பார், அதோடு முடிந்தது. அண்ணி என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். லங்காஸ்டர் வேண்டுமென்று அழுதவள்!

பேஷன்ஸிடம் ஏதோ பிரெஞ்சில் கேட்டார், அவள் சொல்லிவிட்டாள். பிறகு டாக்டர் கிம்பர் ரெய்னா பக்கம் திரும்பினார். திருமதி விட்லாக் எழுந்து அவர் காதருகே போய், துக்கமான கேள்வியாகக் கேளுங்கள் என்று கெஞ்சுவது தரையில் இருந்த எனக்கே கேட்டது. அந்த நல்ல மனிதர் கையை அசைத்து அவளை உட்காரச் சொன்னார்.

"பாவம், காலையிலிருந்து இந்தக் குழந்தைகிட்ட நெருப்பும் சாவுமாவே கேக்கறீங்க," என்றார் சபையைப் பார்த்து. "நான் ஒரு சந்தோஷமான கேள்வி கேக்கறேன். பௌர்ணமி மாசாமாசம் வருது. அப்ப ஏம்மா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சந்திர கிரகணம் வர்றதில்ல?"

கருணை என்றால் இப்படித்தான், நேரே வந்து தலையில் விழும். உலகத்தில் இருக்கிற அத்தனை கேள்வியிலும் இவருக்கு இதுதானா கிடைத்தது! உப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொல்ல ஆரம்பிப்பதே இதைத்தான்.

ரெய்னாவின் முகம் மலர ஆரம்பித்தது. நான் பார்த்தேன். பூ விரிகிற மாதிரி கண்ணும் கன்னமும் விரிந்தன, வாய் திறந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லித் தொலையேன்டி என்று நான் மனசுக்குள் கத்தினேன். எருசலேம் எத்தனையோ நூற்றாண்டாக இடிந்துதான் கிடக்கிறது, இந்த ஒரு பதிலால் அது இன்னும் இடிந்துவிடுமா?

"எனக்குப் பதில் தெரியும் ஐயா," என்றாள் கையை எடுத்துவிட்டு. "இன்னிக்குச் சொல்ல முடியாது. மன்னிச்சுக்குங்க."

"தெரியும்னா சொல்ல வேண்டியதுதானே?" டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சபையில் சலசலப்பு. அப்போது எனக்குப் பக்கத்தில் முட்டி நொடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் தரையிலிருந்து எழுந்து நின்றான். துணிச் செருப்பு, சீவாத தலை, சவரம் செய்யாத முகம்.

"ஐயா, நான் இவ அப்பா. அவளுக்குத் தெரியும். ஆனா நாங்க இன்னிக்குச் சந்தோஷப்படக் கூடாது. இதைச் சொன்னா அவ சந்தோஷப்பட்டுடுவா."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். "அப்படின்னா சந்தோஷப்படாம சொல்லச் சொல்லுங்க!"

"முடியாதுங்க," என்றான் அண்ணன். அவன் சிரிக்கவில்லை. "நீங்க அவ முகத்தைப் பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். தினம் சாப்பிடறப்ப இதைத்தான் சொல்ல வருவா. அப்படி ஒரு முகம் என் வீட்ல வேற யாருக்கும் கிடையாது, எதுக்கும் கிடையாது. நான்தான்..." அங்கே நின்றுவிட்டான். என்னமோ சொல்ல வந்து, சொல்ல வந்தது அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி நின்றான். "நான்தான் உப்பைக் கேட்டு நிறுத்திடுவேன்," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் விதி விதிதான், பதில் வராத கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. முதல் பரிசு பேஷன்ஸ் ஹோவெலுக்குப் போனது. அந்தப் பெண் கெட்டிக்காரி, குறை சொல்வதற்கில்லை. ரெய்னா அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பகல் முழுக்க அண்ணன் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ரெய்னா தன் புத்தகங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். லங்காஸ்டருக்கு எதை எடுத்துப் போவது என்று அவளாகவே பிரிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தபோது, தாங்க முடியாமல் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"வார்த்தைன்னா வார்த்தைதானே?" என்றேன். "போய் எழுது லங்காஸ்டருக்கு. பொண்ணு ரெடி, அவ முகத்தை மட்டும் நாங்க இங்கயே கழட்டி வச்சுக்கறோம்னு எழுது."

"நோன்பு முடியட்டும் சிப்போரா," என்றான். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்குச் சமையலறையில் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் நோன்பு முடிந்தது. பின்கட்டு முற்றத்தில் மேஜை போட்டு ரொட்டியும், அவித்த முட்டையும், பருப்பு சூப்பும் கொண்டுவந்து வைத்தேன். அண்ணி மெழுகுவத்தியை ஏற்றினாள். முக்கால்வாசி நிலா கூரைக்கு மேலே நின்றது. நோன்பு முடிந்ததும் நிலவைப் பார்த்து வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். அண்ணன் வாழ்த்தைச் சொல்லி முடித்து, தண்ணீர் குடித்து, மேஜையில் உட்கார்ந்தான். நேற்று மாலையிலிருந்து சாப்பிடாதவன். கை நேரே முட்டைக்குப் போனது.

எடுத்த முட்டையை ரெய்னா பக்கம் நீட்டினான்.

"இதுதான் சந்திரன்னு வச்சுக்க. இப்பச் சொல்லு. ஏன் மாசாமாசம் கிரகணம் வர்றதில்ல?"

அவள் நம்பாமல் அவனைப் பார்த்தாள். பிறகு முட்டையை வாங்கினாள். மெழுகுவத்தியைச் சூரியனாக்கி, ரொட்டியை நடுவில் வைத்துப் பூமியாக்கினாள். ஒரு தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, இதுதான் சந்திரன் போகிற பாதை, இப்படிச் சாய்ந்திருப்பதால் பல பௌர்ணமிகளில் பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பித்துப் போய்விடுகிறது, இரண்டும் நேராக வருகிற நாளில்தான் மாட்டிக்கொள்கிறது என்று சுற்றிக் காட்டினாள். மெதுவாக ஆரம்பித்தவள் போகப் போக வேகமெடுத்தாள். காலையில் கையால் பொத்திய முகம் அப்படியே திரும்பி வந்தது.

அண்ணன் ரொட்டியைத் தொடவில்லை. அவன் பார்த்தது முட்டையையா, பெண்ணையா என்று எனக்குத் தெரியும். நடுவில் இரண்டு கேள்வி வேறு கேட்டான், இரண்டும் அசட்டுக் கேள்வி. அவள் மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். சூப் ஆறிப்போனது. பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் முடித்ததும் அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"புளூமா, லங்காஸ்டருக்கு நாளைக்கு எழுதிடறேன். இப்ப இல்லேன்னு." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "விட்லாக் அம்மா உதவிக்கு அந்த அச்சுக்கூடப் பொண்ணை வச்சுக்கட்டும். நான் வழக்கமான பீஸைக் கட்டிடறேன். அதே வகுப்புல இவளும் உக்காரட்டும்."

"வார்த்தைன்னா வார்த்தைதான்னு சொன்னியே அண்ணே?" என்றேன். விடுவேனா?

"சொன்னேன். என்ன இப்போ? நாளும்தான் குறிச்சேன், அது மட்டும் சரியா வந்துச்சா?" என்றான். ரெய்னா கையிலிருந்த சந்திரனை வாங்கி, தோலை உரித்து, உப்பைத் தொட்டுக்கொண்டு இரண்டே வாயில் விழுங்கினான்.

"அடுத்த வருஷப் பரீட்சைக்கு நானே போய் நல்ல செவ்வாயா ஒண்ணு பாத்து..." என்று முட்டை வாயோடு அவன் ஆரம்பிக்க, நாங்கள் மூன்று பெண்களும் ஒரே குரலில் கத்தினோம். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.